சோயாவின் பின்னால் பதின்மூன்று நாள்

முதல் நாள்: குயாபா

தீவன நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில், சோயா புண்ணாக்கோடு வரும் சான்றிதழ்களை வாங்கிக் கோப்பில் போடுவது என் வேலை. எண் சரியா, தேதி தாண்டவில்லையா, டன் கணக்கு பொருந்துகிறதா, முத்திரை இருக்கிறதா? நாலையும் பார்த்து ஒரு டிக். பதினோரு வருஷமாக இதேதான். ‘பொறுப்பான முறையில் விளைந்த சோயா’ என்று அந்தக் காகிதம் சொல்லும். விளைந்த இடத்தை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் வந்து, “இந்தக் காகிதத்தில் சொல்லியிருக்கும் சோயாதான் இந்த மூட்டையில் இருக்கிறதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது.

அந்தச் சந்தேகம்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. கூடவே எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தம்பியும் வந்திருக்கிறான். புரதம், ஈரம், பூஞ்சை நச்சு என்று எதைக் கொடுத்தாலும் அளந்து சொல்லிவிடுவான். பிரேசிலில் ஒரு பண்ணைத் தணிக்கையைக் கூட இருந்து பார்ப்பது, அப்புறம் அந்தச் சரக்கு போகும் வழியிலேயே நாங்களும் போவது. திட்டம் இவ்வளவுதான்.

மாட்டோ குரோசோ மாநிலத்தின் தலைநகர் குயாபா. தென் அமெரிக்காவின் நட்டநடு இங்கேதான் என்று ஊருக்குள் ஒரு தூண் நட்டு வைத்திருக்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள்: சொரீசோ

வடக்கே நானூறு கிலோமீட்டர். சாலையின் பெயர் பி.ஆர்.163. ஒன்பது அச்சு லாரிகள் வரிசை கட்டி வருகின்றன. ஒவ்வொன்றும் சரக்கோடு சேர்த்து 74 டன். முந்த வேண்டுமென்றால் நெஞ்சில் தைரியம் வேண்டும். எங்கள் ஓட்டுநருக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது.

சொரீசோ என்றால் போர்த்துகீசில் புன்னகை. முதலில் குடியேறியவர்களுக்கு இங்கே நெல் மட்டும்தான் விளைந்ததாம். அந்த ‘நெல் மட்டும்’ என்ற சொல்லே மருவி ஊர்ப்பெயராகிவிட்டது என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். இப்போது நெல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பிரேசிலிலேயே அதிகமாக சோயா விளைவிக்கும் நகராட்சி இதுதான். 2012இல் வேளாண் வணிகத்தின் தேசியத் தலைநகர் என்று தனிச்சட்டமே போட்டு இதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

மாலையில் வயலைப் பார்த்தோம். பிப்ரவரி, அறுவடைக் காலம். ஐந்து அறுவடை இயந்திரங்கள் படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று பின்தங்கி நகர்கின்றன. அவை கிளப்பிய தூசி அடங்குவதற்குள், அதே வயலில் பின்னாலேயே விதைக்கும் இயந்திரம் வருகிறது. சோயா வெட்டின தாள் மேலேயே மக்காச்சோளம் விழுகிறது. மழை நிற்பதற்குள் இரண்டாம் போகம் வேர் பிடித்தாக வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கூட விடமாட்டார்கள். தம்பி வெகுநேரம் பேசாமல் நின்றான். அப்புறம், “இவங்க தூங்குறதே இல்லையாண்ணே?” என்றான்.

உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்குக்கும் மேல் கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. இது எனக்குப் புதுச் செய்தி அல்ல, என் பிழைப்பே அதில்தான். ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே செடி நிற்பதைப் பார்த்தபோது, இது அத்தனையும் கோழியாகவும் பன்றியாகவும் ஆகப்போகிறது என்று முதல்முறையாக உறைத்தது.

மூன்றாம் நாள்: தணிக்கை

தணிக்கை செய்ய வந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. நாங்கள் ஆடிட்டர் அம்மா என்றே எங்களுக்குள் அழைத்துக்கொண்டோம். இந்தப் பண்ணைக்கு ஆர்.டி.ஆர்.எஸ். சான்றிதழ் உண்டு. பொறுப்பான சோயாவுக்கான வட்டமேசை என்று 2006இல் தொடங்கிய அமைப்பு அது. விவசாயிகள், வணிகர்கள், தொண்டு அமைப்புகள் என்று மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய விதிமுறைகள்.

காலையில் பூச்சிமருந்துக் கிடங்கு. பூட்டு இருக்கிறதா, வாசலில் சிந்தினால் வெளியே ஓடாதபடி மேடு இருக்கிறதா, மூச்சுமுகமூடி யார் யாருக்குக் கொடுத்தார்கள், கையெழுத்து எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலி கேன்களை மூன்று முறை அலசி, அடியில் துளை போட்டு, திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது பிரேசில் சட்டம். அந்த நாட்டில் இப்படிப்பட்ட பிளாஸ்டிக் கேன்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் உண்மையிலேயே திரும்பி வந்துவிடுகின்றன என்பது பெரிய விஷயம்தான். ஆடிட்டர் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுக்கியிருந்த கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். நாற்பது கேனுக்கு மேல் இருக்கும். ஒன்றில் துளை இல்லை. அதை மட்டும் தனியாக எடுத்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். பண்ணை மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

அப்புறம் தொழிலாளர்கள். முதலாளியையும் மேலாளரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவரிடமும் தனியே பேசினார். எங்களையும் வெளியே போகச் சொல்லிவிட்டார், அதுதான் முறை. கால் மணி நேரத்தில் முடிந்த பேச்சும் உண்டு, முக்கால் மணி நேரம் இழுத்ததும் உண்டு. என்ன சொன்னார்கள் என்று கடைசி வரை எங்களிடம் வாய் திறக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அசல் கூத்து. மடிக்கணினியில் பண்ணையின் செயற்கைக்கோள் படத்தை விரித்தார்கள். பிரேசிலின் 2012ஆம் ஆண்டு வனச்சட்டப்படி, அமேசான் பகுதி மாநிலங்களில் காட்டு நிலம் என்றால் 80 விழுக்காட்டை வெட்டாமல் விட வேண்டும். சாவன்னா வகைப் புல்வெளிக் காடு, அதாவது செஹாடோ என்றால் 35 விழுக்காடு போதும். சொரீசோ இரண்டும் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரே வேலிக்குள் எந்த மரம் காடு, எந்த மரம் செஹாடோ என்பதில்தான் பாதி சண்டை.

அத்தோடு தேதிகள் வேறு. பண்ணைக்காரர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். “அரசுச் சட்டத்துக்கு 2008 ஜூலை 22. அதற்கு முன் வெட்டியதற்குச் சலுகை உண்டு, பின் வெட்டியதற்கு இல்லை. உங்கள் வட்டமேசைக்குக் காடு என்றால் 2009 மே, மற்ற இயற்கை நிலம் எல்லாவற்றுக்கும் 2016 ஜூன் 3. ஐரோப்பாவின் புதுச் சட்டத்துக்கு 2020 டிசம்பர் 31. வயல் ஒன்றுதான். நான் எந்தத் தேதியில் நல்லவன்?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் அடுத்துச் சொன்னதிலும் இருக்கிறது: சட்டம் வெட்டலாம் என்று அனுமதித்த நிலத்தை வெட்டாமல் வைத்திருக்கிறேன், அதற்கு எனக்கு யார் என்ன தருகிறார்கள்? இன்னொரு பக்கம், அந்த ‘சட்டம் அனுமதிக்கிறது’ என்ற வாசல் வழியாகத்தான் செஹாடோவில் பாதி போய்விட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்வது கஷ்டமாக இருந்தது.

ஆடிட்டர் அம்மா வாதாடவில்லை. வெவ்வேறு வருஷத்துப் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஓடைக்கரையில் ஒரு மூலையைப் பெரிதாக்கினார். “இந்த ரெண்டு ஹெக்டேர் 2017 படத்தில் பச்சை, 2019 படத்தில் செம்மண். என்ன ஆச்சு?” தீ பிடித்தது என்றார் பண்ணைக்காரர். சரி, தீயணைத்த பதிவு, புகார் நகல் எதாவது இருந்தால் கொடுங்கள் என்றார் இவர். தேடினார்கள். சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு பழைய கோப்பில் கிடைத்தது. அந்த இடத்தில் இப்போது கன்று நட்டு வேலி போட்டிருக்கிறார்கள், நேரில் போய்ப் பார்த்தோம். கன்றுகள் என் முட்டி உயரம்.

என் மேசைக்கு வரும் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு எழுதப்போவதைப் படித்துவிட்டு இதெல்லாம் வெறும் கண்துடைப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான்காம் நாள்: சைலோ

பண்ணையிலிருந்து புறப்பட்ட லாரியின் பின்னாலேயே சைலோவுக்கு, அதாவது தானியச் சேமிப்புக் கிடங்குக்குப் போனோம். இருபது லாரி முன்னால் நிற்கிறது. நம் லாரியின் முறை வந்ததும் மேலிருந்து ஒரு உலோகக் கை இறங்கி, நீளமான குழாயைச் சோயாவுக்குள் ஆறேழு இடத்தில் குத்தி உறிஞ்சியது. மாதிரி நேராக ஒரு அறைக்குள் போய் விழுகிறது. ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேல் போனால் எடையில் பிடித்தம், தூசி தும்பு ஒரு விழுக்காட்டுக்கு மேல் போனாலும் பிடித்தம். முந்தின இரவு மழை. நம் லாரிக்கு ஈரம் 17.2 காட்டியது. ஓட்டுநர் தோளைக் குலுக்கிக்கொண்டார், பண்ணைக்காரரிடம் அவர் என்ன பாடு படுவாரோ.

தம்பிக்கு அந்த அறையை விட்டு வர மனமே இல்லை. இன்னொரு மேசையில் ஒருவர் இருபது முப்பது சோயா மணிகளை அரைத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு காகிதப் பட்டையை அதில் நட்டு வைத்தார். சில நிமிஷத்தில் கோடு விழுந்தது. ஒரு கோடு என்றால் மரபணு மாற்றாதது, இரண்டு கோடு என்றால் மாற்றியது. பிரேசில் சோயாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாற்றியதுதான். மாற்றாதது வேண்டும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்காக ஒரு தனி சைலோ, தனிக் குழி, தனி லாரி. முன்னால் வேறு சரக்கு ஏற்றிய லாரி என்றால் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள்.

நான் கேட்டேன்: “சான்றிதழ் பெற்ற சோயாவுக்கு எந்தக் குழி?”

கிடங்குக்காரர் சிரித்துக்கொண்டே பெரிய குழியைக் காட்டினார். எல்லா லாரியும் கொட்டுகிற அதே குழி. நேற்று அத்தனை கேனைப் புரட்டி, அத்தனை படத்தை விரித்துச் சோதித்த பண்ணையின் சோயா, எங்கள் கண்முன்னால் நாற்பது ஐம்பது பண்ணைகளின் சோயாவோடு சேர்ந்து கீழே போனது. போன வேகத்தைச் சொல்ல வேண்டும். லாரியையே ஒரு மேடையில் நிறுத்தி, அப்படியே தூக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். நாற்பது டன் கொட்டி முடிய எனக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்யும் நேரம்கூட ஆகவில்லை.

கணினி முன்னால் இருந்த பெண் ஒரு கட்டத்தில் டன் கணக்கைப் போட்டு என்டர் தட்டினார். சான்றிதழ் அந்தக் கட்டத்துக்குள் போய்விட்டது. சோயா குழிக்குள் போய்விட்டது. இரண்டும் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கு மாஸ் பேலன்ஸ் என்று பெயர். நூறு டன் சான்றிதழ் சோயா உள்ளே வந்தால், நூறு டன்னைச் சான்றிதழ் சோயா என்று வெளியே விற்கலாம். வெளியே போவது அதே மணியாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு மீறக் கூடாது, அவ்வளவுதான். வங்கியில் நாம் போட்ட அதே நோட்டா திரும்பி வருகிறது? அது போல. இதற்கும் ஒரு படி மேலே போனால் கிரெடிட். பண்ணைக்காரர் சோயாவை யாருக்கோ விற்பார், ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட் என்று கணினியில் தனியாக வேறு யாருக்கோ விற்பார். வாங்கினவர் தான் பயன்படுத்தும் எங்கிருந்தோ வந்த சோயாவுக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ளலாம். இதில் திருட்டு ஒன்றும் இல்லை, விதிமுறையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நல்ல பண்ணைக்குப் பணம் போய்ச் சேருகிறது, தனிக் குழி கட்டும் செலவு மிச்சம். நான்தான் பதினோரு வருஷமாக அந்த வரியைச் சரியாகப் படிக்காமல் டிக் போட்டிருக்கிறேன்.

இரவு விடுதியில் தம்பி ஒரு விஷயம் சொன்னான், அதை யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். “அண்ணே, மரபணு மாத்தினதா இல்லையான்னு மணியை அரைச்சா தெரியுது. அதனாலதான் தனிக் குழி. ஏமாத்தினா நான் கண்டுபிடிச்சிடுவேன். காட்டை வெட்டின நிலத்துச் சோயாவை எங்கிட்ட கொடுங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரதம் ஒண்ணுதான், ஈரம் ஒண்ணுதான். மணியில இல்லாத குணத்துக்குத்தானே நீங்க சான்றிதழ் வாங்குறீங்க?”

ஐந்து, ஆறாம் நாள்: சாலை

சொரீசோவிலிருந்து தப்பஜோஸ் நதிக்கரையில் இருக்கும் மிரிச்சிதூபா துறை சுமார் ஆயிரம் கிலோமீட்டர். சினோப் தாண்டியதும் ஊர்கள் குறைகின்றன. இதாவூபா பக்கம் வயல் நடுவே ஒற்றை ஒற்றையாகப் பிரேசில் கொட்டை மரங்கள் நிற்கின்றன. அதை வெட்டச் சட்டத்தில் தடை. சுற்றியிருந்த காட்டை வெட்டிவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறார்கள். அதன் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது காட்டில் வாழும் பெரிய தேனீக்கள். காடு போனால் தேனீ வராது, தேனீ வராவிட்டால் காயும் வராது. சட்டத்தின்படி மரம் இருக்கிறது. சோதனைப் பட்டியலில் டிக் போடும் வேலைக்காரனுக்கு அந்த மரத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பாரா மாநிலத்துக்குள் நுழைந்த பிறகு மாடுகள். சாலை ஓரம் முழுக்க மேய்ச்சல் நிலம், எரிந்த அடிமரங்கள், அதற்கு அப்பால் காடு. லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் ஓட்டுநர் ஒருவர் ‘முக்கோணம்’ பற்றிச் சொன்னார். சுற்றுச்சூழல் துறை தடை போட்ட நிலத்தில் விளைந்ததைப் பக்கத்துப் பண்ணையின் பெயரில் ரசீது போட்டு விற்பது. மாட்டுக்கும் இதே வித்தைதான். காகிதம் சுத்தமாக இருக்கும். இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வது போலச் சொன்னார்.

ஏழாம் நாள்: மிரிச்சிதூபா

மழை. மழையில் சோயாவை இறக்க முடியாது. ஆகவே லாரிகள் நின்றன, நாங்களும் நின்றோம்.

இந்தச் சாலையின் கடைசித் துண்டுக்குத் தார் போட்டது 2020இல்தான், ராணுவத்தை வைத்து முடித்தார்கள். அதற்கு முன் மழைக்காலத்தில் லாரிகள் சேற்றில் நாள்கணக்கில் கிடக்கும். சாலை நன்றானது. நன்றானதால் இரு பக்கத்து நிலத்துக்கும் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறிய நிலத்தில் காடு நிற்பது கஷ்டம்.

மத்தியானம் வெயில் வந்ததும் ஒரு முனையத்துக்குள் விட்டார்கள். லாரியிலிருந்து குழி, குழியிலிருந்து ஓடும் பட்டை, பட்டையிலிருந்து பார்ஜ் என்னும் தட்டையான சரக்குப் படகு. இருபது பார்ஜுகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரே பாய் போல ஆக்கி, பின்னால் ஒரு தள்ளுபடகு. அத்தனையும் சேர்ந்து பல நூறு லாரிச் சரக்கு. சொரீசோ சோயா இதில் எங்கே என்று தம்பியிடம் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

எட்டாம் நாள்: சாந்தரேம்

அக்கரை இதாய்தூபாவிலிருந்து இரவுப் படகு. தளம் முழுக்க வலைத்தூளி கட்டி, அதில் படுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கை ராத்திரி பூரா என் விலாவில்.

விடியும்போது நீலப்பச்சைத் தப்பஜோஸ் ஒரு பக்கமும் காபி நிற அமேசான் ஒரு பக்கமும் கலக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நீரும் கிலோமீட்டர் கணக்கில் தனித்தனியாகவே போகின்றன. ‘தனிக் குழி’ என்றான் தம்பி.

ஊர் முகப்பில் கார்கில் நிறுவனத்தின் சோயா முனையம், 2003இல் திறந்தது. 2006 மே மாதம் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பல் இங்கே வந்துதான் அதை மறித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு அவர்கள் வெளியிட்ட அறிக்கை, அமேசான் காட்டில் விளைந்த சோயா ஐரோப்பாவில் கோழித் தீவனமாகி மெக்டொனால்ட்ஸ் தட்டு வரை போவதைக் காட்டியிருந்தது. மெக்டொனால்ட்ஸ் பயந்துபோய் வணிகர்கள் மேல் அழுத்தம் போட, 2006 ஜூலை 24 அன்று பெரிய சோயா வணிகர்கள் எல்லாரும் சேர்ந்து, இனி அமேசானில் புதிதாகக் காடழித்த நிலத்தின் சோயாவை வாங்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். சோயா மொரட்டோரியம், அதாவது சோயா நிறுத்திவைப்பு என்று பெயர். முதலில் கையெழுத்துத் தேதியே கெடு, அப்புறம் வனச்சட்டத்தோடு ஒத்துப்போக 2008 ஜூலைக்கு மாற்றினார்கள்.

இதில் சான்றிதழே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல பண்ணைக்கு முத்திரை குத்தவில்லை. பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் செயற்கைக்கோளில் காடழிப்பைக் கணக்கெடுக்கிறது. அந்தப் படத்தில் சிக்கிய நிலத்திலிருந்து யாரும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். மணியைச் சோதிக்க முடியாது, சரி, நிலத்தைச் சோதிக்கலாமே. மொரட்டோரியத்துக்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அமேசானில் புதிதாகச் சோயா பரவிய நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு நேரடியாகக் காட்டை வெட்டி வந்தது. 2014க்குள் அது ஒரு விழுக்காட்டளவுக்கு இறங்கியது. என் கோப்பில் இருக்கும் அத்தனை சான்றிதழையும் சேர்த்தாலும் இந்த ஒரு இறக்கத்துக்கு ஈடாகாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. குறையும் உண்டு. செஹாடோவுக்கு இது பொருந்தாது. காடழிப்பு அங்கே இடம் மாறிக்கொண்டது என்று சொல்கிறவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள்.

சொரீசோ பண்ணைக்காரரின் கோபமும் இங்கேதான் வந்து முட்டுகிறது. சட்டத்துக்கு மேல் நிபந்தனை போட வணிகர்கள் யார் என்ற கேள்வி. மாட்டோ குரோசோ 2024இல், இப்படி நிபந்தனை போடும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை கிடையாது என்று சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் பிரேசிலின் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் இதை வாங்குபவர்களின் கூட்டணி என்று பார்த்து, நிறுத்திவைக்க உத்தரவிட்டது. அதற்குப் பிறகு நீதிமன்றம், தடை, மேல்முறையீடு என்று போகிறது கதை. 2026 ஜனவரியில் பெரிய வணிகர்களின் சங்கமே இதிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. இருபது வருஷமாக வேலை செய்த ஒன்று இப்படி ஆட்டம் கண்டதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒன்பது, பத்தாம் நாள்

விமான நிலையங்கள். எழுத ஒன்றுமில்லை. சோயா கடலில் மெதுவாக வருகிறது, நாங்கள் அதன் தலைக்கு மேல் பறந்துவிட்டோம்.

பதினொன்றாம் நாள்: ஆம்ஸ்டர்டாம்

ஐரோப்பாவுக்குள் வரும் சோயாவில் பெரும் பங்கு நெதர்லாந்துத் துறைமுகங்கள் வழியாக வருகிறது. துறைமுகத்தில் ஒரு ஆலைக்குள் விட்டார்கள். பெயர் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்கள். அறுபதாயிரம் டன் கப்பல். மேலிருந்து இறங்கிய கவ்வி ஒரு கவ்வலில் ஒரு லாரிச் சரக்கை அள்ளுகிறது.

உள்ளே மணியை உடைத்து, தோல் நீக்கி, அவல் போல் தட்டையாக்கி, கரைப்பானில் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். மிஞ்சுவதை நீராவியில் வறுக்கிறார்கள். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு, வறுத்தால்தான் அது அடங்கும். எடையில் ஐந்தில் நான்கு பங்கு புண்ணாக்கு. வறுத்த வாசனை ஆலை முழுக்க. பதினோரு வருஷமாக என் மேசை வரை வருகிற அதே வாசனை.

இங்கே எல்லாரும் பெருமையாகக் காட்டியது ஜி.எம்.பி.பிளஸ் சான்றிதழை. இது வேறு ஜாதி. தீவனப் பாதுகாப்புக்காக 1992இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 1999இல் பக்கத்து பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்பில் டையாக்சின் என்ற நச்சு கலந்து கோழிப் பண்ணைகளுக்குள் போன விவகாரத்துக்குப் பிறகு, இந்த மாதிரி ஏற்பாடு இல்லாத தீவனக்காரருக்கு இங்கே கதவு திறக்காது. தம்பி உற்சாகமாகிவிட்டான். ஒவ்வொரு கப்பலிலும் மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் முத்திரை, ஆய்வக அறிக்கை, தப்பு நடந்தால் எந்த வண்டி வரை திரும்பப் பெற வேண்டும் என்ற ஒத்திகை. “இது என்னோட சான்றிதழ். நாலாம் நாள் பார்த்தது உங்களோடது” என்றான். சிரித்தாலும் குத்தியது.

பன்னிரண்டாம் நாள்: தீவன ஆலை

நதியோரம் ஒரு தீவன ஆலை. கொள்முதல் மேலாளர் என் வேலைதான் பார்க்கிறார், ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிட்டோம். அவர் திரையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் கிரெடிட் கணக்கு: பால் நிறுவனமும் கோழிக் கம்பெனியும் கேட்கும் அளவுக்கு வாங்கி வைத்திருக்கிறார். இன்னொன்றில் ஐரோப்பியக் காடழிப்புச் சட்டத்துக்கான கோப்பு.

அந்தச் சட்டம் 2023இல் வந்தது. மாடு, கோகோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருளுக்குப் பொருந்தும். 2024 கடைசியில் அமலாகியிருக்க வேண்டியது, இரண்டு முறை தள்ளிப்போய்ப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. சான்றிதழ் இருக்கிறது என்று சொன்னால் அங்கே செல்லாது, அது துணை ஆதாரம் மட்டுமே. விளைந்த நிலத்தின் இடக்குறி (அட்சரேகை, தீர்க்கரேகை) வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கோடு கலந்தால் மொத்தமும் போச்சு. நான்காம் நாள் பார்த்த அந்தப் பெரிய குழியில் மாஸ் பேலன்ஸ் கணக்கு இனி எடுபடாது. குழியில் விழும் ஒவ்வொரு லாரிக்கும் நிலத்தின் எல்லைக்கோடு வேண்டும்.

ஆஹா, கடைசியில் வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன். மேலாளர் தலையை ஆட்டினார். இரண்டு ஓட்டை காட்டினார். ஒன்று, அந்தச் சட்டம் ‘காடு’ என்பதற்கு எடுத்துக்கொண்டிருக்கும் வரையறை: அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் மரம், பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல். செஹாடோவில் பெரும் பகுதி இந்த அளவுகோலுக்குள் வராது. இரண்டாவது இன்னும் வேடிக்கை. வெளிநாட்டுச் சோயாவை இறக்குமதி செய்தால் சட்டம் பிடிக்கும். அதே சோயாவை வெளிநாட்டிலேயே கோழிக்குப் போட்டு, கோழியாக இறக்குமதி செய்தால் பிடிக்காது, ஏனென்றால் பட்டியலில் கோழி இல்லை, பன்றியும் இல்லை.

“அப்ப கிரெடிட்டை நிறுத்திவிடுவீர்களா?” என்று கேட்டேன். மாட்டாராம். சட்டம் கெட்டதைத் தடுக்கும், நல்லது செய்கிறவனுக்குப் பணம் கொடுக்காது, கிரெடிட் ஒன்றுதான் அதைச் செய்கிறது என்றார். கேன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்த அந்த அம்மாளை இவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் அவர் பக்கம்தான் பேசினார்.

பதின்மூன்றாம் நாள்

காலையில் ஆடிட்டர் அம்மாவிடமிருந்து வாட்சப்பில் பதில் வந்திருந்தது. அந்தச் சொரீசோ கிடங்கின் சரக்கு கடைசியில் எங்கே போகிறது என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருந்தேன். அந்த வாரம் அங்கிருந்து போன சோயா சீனாவுக்குப் போகும் கப்பலில் ஏறிவிட்டதாம். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, பிரேசில் ஏற்றுமதி செய்யும் சோயாவில் 70 விழுக்காட்டுக்கு மேல் சீனாவுக்குத்தான். பண்ணையின் கிரெடிட்டுகளை வாங்கியது ஐரோப்பாவில் ஒரு கம்பெனி. நாங்கள் ஆம்ஸ்டர்டாமில் மோந்து பார்த்த புண்ணாக்கு வேறு யாருடையதோ.

கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். அந்தத் துளையில்லாத கேன், இப்போது துளையோடு.

தம்பி ஊருக்கு எடுத்துப்போக சாக்லேட் வாங்கப் போயிருக்கிறான். நான் அறையில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நம் சான்றிதழ்ப் பதிவேட்டில் எண், தேதி, டன், முத்திரை என்ற நான்கு பத்திகளோடு ஐந்தாவதாக ஒரு பத்தி வேண்டும்: தனிக் குழியா, மாஸ் பேலன்ஸா, கிரெடிட்டா. ஆறாவதாக, நிலத்தின் எல்லைக்கோடு வந்ததா இல்லையா. போன வருஷம் கேட்ட வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ‘ஆமாம்’ என்று சொன்னது தப்பு என்று அதில் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இரண்டாவது வரியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.